தென்னை விழுந்த ஜீப்பை நிமிர்த்தியபோது யாரும் எனக்குச் சொல்லாதவை

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் அதிராம்பட்டினத்துக்கும் நடுவில் இருக்கிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது எங்கள் தோப்பில் நின்ற தென்னைகளில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டது. அதில் ஒன்று மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையின் மேல் விழுந்தது. உள்ளே அப்பாவின் ஜீப் நின்றது. 1979-ல் பதிவான மகிந்திரா, பானட் உயரமாக இருக்கும் சி.ஜே.3பி வகை. அந்தப் பானட் உயரத்துக்கும் காரணம் உண்டு. அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி 1953-ல் ஒரு புது எஞ்சினைப் பொருத்தியபோது பழைய பானட்டுக்குள் அது அடங்கவில்லை, அதனால் மூக்கை உயர்த்திவிட்டார்கள். அதே வடிவத்தைத்தான் நம் ஊரில் பல வருடம் ஓட்டினோம். விதைநெல், உர மூட்டை, பிரசவத்துக்குப் பட்டுக்கோட்டை போக வேண்டிய பெண்கள் என்று எங்கள் தெருவில் எல்லாமே அந்த ஜீப்பில்தான் போயிருக்கிறது.

மரம் முன்பக்கம் இடதுபுறமாகச் சாய்வாக விழுந்திருந்தது. கண்ணாடி ஃபிரேமின் இடது மேல் மூலையில் தட்டி, பானட்டின் நடுவில் உட்கார்ந்து, இடது மட்கார்டை டயரோடு சேர்த்து அமுக்கியிருந்தது. கண்ணாடி தூள். இவ்வளவுதான் சேதம் என்று அன்று நினைத்தேன். அப்பா கொட்டகை வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விட்டார். தோப்பே போன நாளில் ஜீப்பைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

முதல் தவறை அந்த வாரமே செய்தேன். மரத்தில் சங்கிலி கட்டி டிராக்டரால் இழுத்தோம். மரம் நேராக வராமல் உருண்டது. உருளும்போது கண்ணாடி ஃபிரேமையும் பிடித்துக்கொண்டு போனது, கீல் இருந்த இடத்தில் தகடு கிழிந்தது, எஞ்சினுக்கும் டேஷ்போர்டுக்கும் நடுவில் நிற்கிற கவுல் தகடும் முறுக்கிக்கொண்டது. பின்னால் சரி செய்யும்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். மரம் விழுந்ததால் வந்த வேலை பாதி, நாங்கள் இழுத்ததால் வந்த வேலை பாதி. உங்கள் வண்டி மேல் மரமோ சுவரோ விழுந்தால் பக்கவாட்டில் இழுக்கவே இழுக்காதீர்கள். வண்டிக்கு இரண்டு பக்கமும் மரத்தை அறுத்துத் துண்டாக்கி, மேலே கிடக்கிற துண்டுக்கு மூன்று கம்பத்து முக்காலி நட்டு, செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) போட்டு நேர் செங்குத்தாகத் தூக்க வேண்டும். அரை நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். தூக்குவதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். எங்களிடம் இருந்தது மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும். புயல் சேதத்துக்கு அதில் ஒரு பைசா கிடையாது, சொந்த வண்டிச் சேதத்துக்கும் சேர்த்துப் போட்டிருந்தால்தான் கிடைக்கும். இதுவும் அப்போதுதான் தெரிந்தது.

அடுத்து, ஜீப்பைத் தார்ப்பாய் போட்டு இறுக மூடி வைத்தேன். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது. கடல் எங்களுக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள். உப்புக் காற்றும் ஈரமும் தார்ப்பாய்க்குள் அடைபட்டு, பெயின்ட் வெடித்த இடமெல்லாம் துரு பிடித்தது. நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்து, தகடு தெரிகிற இடத்தில் பழைய எஞ்சின் ஆயில் தடவி, காற்றோட்டமாக ஒரு கூரைக்குக் கீழே நிறுத்தியிருந்தாலே போதும். இரண்டு வருடம் அப்படியே கிடந்தது. 2020 ஆவணியில் அப்பா போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தத் தார்ப்பாயைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் என்னவோ செய்யும். 2021 பொங்கல் முடிந்ததும், எவ்வளவு செலவானாலும் சரி, இதை ஓடவைத்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். பெயர் வேண்டாம். பெரிய பட்டறை, நாலைந்து ஜீப் நின்றது, பளபளவென்று இருந்தன. ஒரு லட்சம் ஆகும், மூன்று மாதம் என்றார்கள், அறுபதாயிரம் முன்பணம் கொடுத்தேன். எந்தத் தகட்டை நிமிர்த்துவார்கள், எதை வெட்டி மாற்றுவார்கள், எதற்கு எவ்வளவு என்று ஒரு தாளில்கூட எழுதி வாங்கவில்லை. நடுவில் ஊரடங்கு வந்தது, அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் போகும்போதெல்லாம் வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. ஒருமுறை போனபோது பானட்டை மணல் பீய்ச்சித் துருவெடுக்கக் கொடுத்து வாங்கியிருந்தார்கள். வெள்ளி மாதிரி மின்னியது, எனக்கு ரொம்ப சந்தோஷம். இன்னொரு முறை மட்கார்டைக் கேஸ் நெருப்பில் பெரிதாகப் பழுக்கவைத்துக் கீழிருந்து ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். இதுதான் முறை போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு வந்தேன். செப்டம்பர் கடைசியில் வண்டி வந்தது. மொத்தம் 1,35,000 ரூபாய் கொடுத்திருந்தேன். கரும்பச்சை நிறத்தில் புது வண்டி போல நின்றது. அம்மா ஆரத்தி எடுத்தார்.

ஓட்டும்போது ஸ்டியரிங் இடது பக்கமாகவே இழுத்தது. பானட்டை மூடினால் நடுவில் 'டப்' என்று உள்ளே போய், கையை எடுத்தால் மறுபடி 'டப்' என்று வெளியே வரும். இரண்டையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021 ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டித் தீர்த்தது நினைவிருக்கும். கார்த்திகை பாதியில் இடது மட்கார்டில் அம்மைக் கொப்புளம் போல ஒன்று கிளம்பியது. ஒரு வாரத்தில் ஏழெட்டு. நகத்தால் நெண்டினால் பெயின்ட் கழன்று, உள்ளே ஈரமான பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பி மட்டமாக்கத் தடவுகிற பசை. ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பாளமாகவே பெயர்ந்து கையோடு வந்தது. ஸ்கேல் வைத்து அளந்தேன், 11 மில்லிமீட்டர். அந்தப் பாளத்தின் அடிப்பக்கத்தில் தகட்டின் பள்ளம் அச்செடுத்த மாதிரி பதிந்திருந்தது, துருவின் நிறத்தோடு. தென்னை விழுந்த பள்ளம் அப்படியேதான் இருந்திருக்கிறது. அதன் மேல் பட்டியைக் கொட்டி மேடாக்கித் தேய்த்திருக்கிறார்கள். அன்று இரவு நான் சாப்பிடவில்லை. பணம் போனதைவிட, அப்பா வண்டியை நானே கொண்டுபோய்க் கொடுத்து இப்படிச் செய்ய வைத்துவிட்டேனே என்பதுதான் தாங்க முடியவில்லை.

பழைய ஸ்பீக்கரில் இருக்கிற காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க நகர்த்திப் பாருங்கள். நல்ல தகட்டில் பச்சென்று ஒட்டும், பட்டி தடிமனான இடத்தில் வழுக்கி விழும். பட்டறையில் வண்டியை எடுக்கும் நாளில் இதைச் செய்திருந்தால் எனக்கு இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பழைய வண்டி விலைக்கு வாங்கப் போகிறவர்களும் பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். பட்டி தண்ணீரை உறிஞ்சும் பொருள். துருவெடுக்காத தகட்டில், சரியான பிரைமர் இல்லாமல் பட்டி வைத்தால் நம் டெல்டா ஈரத்துக்கு அது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது.

பட்டறையில் போய்ச் சண்டை போட்டேன். "பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். எழுதி வாங்கிய தாள் எதுவும் கையில் இல்லாததால் மேற்கொண்டு ஒன்றும் செய்ய முடியவில்லை. 2022 மாசியில் அதிராம்பட்டினத்தில் ஒரு பாயைப் பற்றிக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். எழுபது வயது இருக்கும். ஒரு காலத்தில் லாரி கேபின் டிங்கரிங் செய்தவர், கண் பார்வை குறைந்ததால் பட்டறையைத் தம்பி மகனிடம் விட்டுவிட்டார். வர முடியாது என்றுதான் முதலில் சொன்னார். நான் அந்தப் பட்டிப் பாளத்தை எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பித் தடவிப் பார்த்தார். "தம்பி, வண்டியை உங்க வீட்டுலயே நிப்பாட்டுங்க. நான் வந்து சொல்றேன், நீங்க அடிங்க. என் கண்ணு போச்சு, கை இருக்கு" என்றார். நாள் கூலி 1,200 பேசிக்கொண்டோம். வேலைக்கு எல்லாம் சேர்த்து 31 நாள் வந்தார்.

முதல் நாள் சுத்தியலைக் கையிலெடுக்கவே விடவில்லை. "மொதல்ல சேஸு. அது கோணலா இருந்தா மேல நீங்க எத்தனை அழகா நிமுத்தினாலும் பொருந்தாது" என்றார். சேஸ் என்றால் பாடியைத் தாங்குகிற அடிச்சட்டம். பாடியைக் கழற்றி இறக்கினோம். கொத்தனாரிடம் டியூப் லெவல் வாங்கி, அதுதான், தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், சேஸின் நாலு இடத்தில் உயரம் பார்த்தோம். இடது முன் கொம்பு, அதாவது பட்டை ஸ்பிரிங்கின் முன்முனை மாட்டுகிற இடம், வலதைவிட 16 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அடுத்து, சேஸில் இருக்கிற ரிவெட்டுகளிலிருந்து தூக்குக் குண்டு விட்டுத் தரையில் சாக்பீஸ் புள்ளி வைத்து, குறுக்கும் நெடுக்குமாக மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டு அளவுக்கும் 9 மில்லிமீட்டர் வித்தியாசம். இடது பக்கம் இழுத்ததற்கு இதுதான் காரணம். எட்டு மாதம் ஒரு பட்டறையில் நின்ற வண்டியை ஒருவரும் ஒரு டேப் வைத்து அளக்கவில்லை. நீங்கள் எங்கே கொடுத்தாலும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள்: சேஸை அளந்தீர்களா, அளவு என்ன வந்தது? எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

சேஸை நிமிர்த்தியது நெருப்பில்லாமல். பாரம் தாங்குகிற இரும்பைச் சூடேற்றினால் அந்த இடம் பலம் குறைந்துவிடும், பிறகு நம் ஊர் ஆற்றுக்கரைச் சாலையில் நாலு குழி விழுந்தால் அங்கேயே விரிசல் விடும். பழைய ஐ-கர்டர் இரண்டு வாடகைக்கு எடுத்துத் தரையில் போட்டு, சேஸை இரண்டு இடத்தில் சங்கிலியால் கர்டரோடு இறுக்கிக் கட்டி, தாழ்ந்த கொம்புக்குக் கீழே லாரி ஜாக்கியை வைத்து ஏற்றினோம். 16 ஏற்ற வேண்டும் என்றால் 16-ல் நிறுத்தினால் போதாது. இரும்பு திரும்பி வரும். 20 ஏற்றி இறக்கினால் 5 தான் நிற்கும், 27 ஏற்றினால் 10 நிற்கும். ஒவ்வொரு முறையும் ஜாக்கியை முழுக்க இறக்கிவிட்டு டியூப் லெவல் பார்த்து, மறுபடி கொஞ்சம் கூட்டி ஏற்ற வேண்டும். இரண்டு நாள் ஆனது. கடைசியில் உயரத்தில் 2, குறுக்கு அளவில் 3 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் நிறுத்தினோம். சங்கிலி இறுகும்போது அதன் மேல் நனைந்த சாக்கைப் போடுங்கள், நேர் எதிரே யாரையும் நிற்க விடாதீர்கள். ஒரு கொக்கி வழுக்கிப் போய்க் கொட்டகைத் தூணில் அடித்தது, அங்கே என் மகன் ஐந்து நிமிடம் முன்புவரை உட்கார்ந்திருந்தான். இதை எழுதும்போதும் எனக்கு உடம்பு நடுங்குகிறது. இன்னொன்று, சேஸ் எண் பொறித்த இடத்துக்குப் பக்கத்தில் கிரைண்டரோ வெல்டிங்கோ போகவே கூடாது. அது அழிந்தால் வண்டி கையில் இருந்தாலும் ஆர்.டி.ஓ. ஆபீஸில் இல்லாத மாதிரிதான்.

கண்ணாடி ஃபிரேமுக்குப் பாய் காட்டியது ஒரு சின்ன வித்தை, நான் வியந்துபோனேன். நாலு மூலையிலும் ஆணி மாதிரி பிடி வைத்து இரண்டு நூலை மூலைக்கு மூலை இறுக்கிக் கட்டினார். ஃபிரேம் மட்டமாக இருந்தால் இரண்டு நூலும் நடுவில் லேசாகத் தொட்டு நிற்கும். எங்களுடையதில் நடுவில் 8 மில்லிமீட்டர் இடைவெளி. அப்படியென்றால் ஒரு மூலை அதைப்போல் இரண்டு மடங்கு, 16 மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டிருக்கிறது. தொட்டு நின்றாலும் நம்பிவிடக் கூடாது, கீழ் நூலை மேலே மாற்றிக் கட்டி இன்னொரு முறை பார்க்க வேண்டும், ஏனென்றால் கீழ் நூல் மேல் நூலைத் தள்ளிக்கொண்டும் இருக்கலாம். மூன்று மூலையைக் கர்டரில் கிளாம்ப் போட்டு நாலாவது மூலையை அழுத்தி, விட்டு, நூல் பார்த்து, மறுபடி அழுத்தி நேர் செய்தோம். முதல் பட்டறையில் கோணல் ஃபிரேமிலேயே கண்ணாடியை மாட்டியிருந்தார்கள், அது ஓட்டிய மூன்றாவது வாரமே மூலையில் கீறல் விட்டது. புதுக் கண்ணாடி 3,500.

மட்கார்டுதான் எனக்கு உண்மையில் பாடம் நடத்தியது. பட்டியெல்லாம் பெயர்த்து எடுத்த பிறகு பள்ளம் தெரிந்ததும், கீழே புகுந்து ஆழமான இடத்தில் உருண்டைத் தலைச் சுத்தியலால் நாலு போடு போட்டேன். மேல் பக்கம் நாலு முட்டை முளைத்ததே தவிரப் பள்ளம் எழவில்லை. பாய் ஒன்றும் கோபப்படவில்லை. என் கையைப் பிடித்து ஒரு பழைய வேட்டித் துண்டை உள்ளங்கையில் வைத்து, தகட்டின் மேல் நீளவாக்கில் மெதுவாக ஓட்டச் சொன்னார். வெறுங்கை தகட்டில் பிடிக்கும், துணி இருந்தால் வழுக்கிக்கொண்டு போகும், அப்போது மேடும் பள்ளமும் கைக்குத் தெரியும். பள்ளத்தைச் சுற்றி ஒரு வரப்பு மாதிரி மேடு ஓடியது. "இந்த வரப்புதான் பள்ளத்தைப் பிடிச்சு வெச்சிருக்கு. வரப்பை வெட்டி விட்டா தண்ணி தானா வடியும்ல, அது மாதிரிதான்" என்றார். வயலில் இருக்கிறவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடி விழுந்ததும் முதலில் உள்ளே போனது நடுப்பள்ளம், கடைசியில் எழும்பியது அந்த வெளி வரப்பு. நிமிர்த்தும்போது இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். கடைசியாக வந்ததை முதலில் எடுக்க வேண்டும், முதலில் விழுந்தது கடைசியில் தானாக வரும். வரப்பை சாக்பீஸால் வரைந்துகொண்டோம். கீழே பள்ளத்தின் ஓரத்தில் டாலியை, அதாவது தகட்டுக்கு முட்டுக் கொடுக்கிற இரும்புக் கட்டியை, அழுத்திப் பிடிக்க வேண்டும். எங்கள் டாலி ஒரு தண்டவாளத் துண்டு, ஓரமெல்லாம் தேய்த்து வழுவழுப்பாக்கியது. மேலே வரப்பின் மேல், டாலி இல்லாத இடத்தில், சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். ஓங்கி அடிக்கவே கூடாது. முப்பது நாற்பது தட்டு, அரை அங்குலம் நகர்த்தி மறுபடி முப்பது தட்டு. மேடு இறங்க இறங்க டாலி பள்ளத்தை மேலே தள்ளிக்கொண்டு வருவது கையில் தெரிகிறது. நேராக டாலி மேலேயே அடித்தால் தகடு நடுவில் நசுங்கி நீண்டுவிடும். அதைக் கடைசியில் வழவழப்பாக்க மட்டும் செய்ய வேண்டும். பெரிய வளைவுகளுக்கு மணல் மூட்டை மேல் தகட்டைப் போட்டு மரச் சுத்தியலால் தட்டினோம், மரம் தகட்டை நீட்டாது. பழைய ஜீப் தகடு 18 கேஜ், ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். இப்போதைய கார் தகட்டைவிட நல்ல தடிமன், அதனால் பொறுமையாகத் தட்டினால் நிறையத் தாங்கும். அந்தப் பள்ளம் ஆறு நாளில் மேலே வந்தது. அந்த ஆறாவது நாள் சாயந்திரம் கையை ஓட்டியபோது வரப்பு கைக்குத் தட்டுப்படவே இல்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பானட்தான் ரொம்பப் படுத்தியது. மணல் பீய்ச்சியபோது மின்னியது என்று சந்தோஷப்பட்டேன் அல்லவா, அந்த மணல்தான் அதைக் கெடுத்திருக்கிறது. அகலமான தட்டைத் தகட்டில் ஒரு பக்கம் மட்டும் வேகமாக மணலை அடித்தால், கோடிக்கணக்கான குட்டிச் சுத்தியல் அடித்த மாதிரி அந்தப் பக்கம் நீண்டுவிடும், தகடு ஊதிக்கொள்ளும். சேஸ், ஆக்ஸில் போன்ற கனமானவற்றுக்கு அது நல்ல முறை. பானட், மட்கார்டு, பக்கத் தகடுகளுக்கு வேண்டாம், பெயின்ட் ரிமூவரும் கம்பி பிரஷ்ஷும் போதும். நீண்ட தகட்டை அடித்துச் சரி செய்ய முடியாது, அடித்தால் இன்னும் நீளும். அதைச் சுருக்க வேண்டும். கேஸ் வெல்டிங்கில் சின்ன நாசில் போட்டு, மேடான இடத்தின் உச்சியில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக ஒரே ஒரு புள்ளியைச் சிவக்கப் பழுக்கவைக்க வேண்டும். புள்ளி கொப்பளித்து மேலே எழும். நெருப்பை எடுத்ததும் கீழே டாலியைத் தளர்வாகப் பிடித்து மேலே இரண்டு மூன்று மெதுவான தட்டு, உடனே ஈரத்துணியை அதன் மேல் அழுத்த வேண்டும். 'சுர்ர்' என்று சுருங்கும்போது சுற்றியிருக்கிற தகட்டையும் இழுத்துக்கொள்கிறது. முழுக்க ஆறிய பிறகுதான் அடுத்த புள்ளி, அதுவும் தள்ளி. அவசரப்பட்டு ஒரே மதியத்தில் நான் பன்னிரண்டு புள்ளி வைத்தேன். தகடு இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு அலை அலையாகிவிட்டது, அதைச் சரி செய்ய மூன்று நாள். ஒரு நாளைக்கு நாலு புள்ளிக்கு மேல் வைக்காதீர்கள்.

கைக்குத் தப்புவது கண்ணுக்குத் தெரிய ஒரு வழி இருக்கிறது. இருட்டியதும் கொட்டகையில் ஒரே ஒரு டியூப் லைட்டைத் தகட்டின் உயரத்துக்கு இறக்கிப் படுக்கவைத்து, தகட்டில் மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு துடை. விளக்கின் கோடு தகட்டில் நேராக ஓடினால் சரி, பாம்பு மாதிரி நெளிந்தால் அங்கே இன்னும் வேலை இருக்கிறது. பாய்க்கு அது தெரியாது, அவர் கையை மட்டும் வைத்துச் சொல்வார். நான் விளக்கில் பார்த்துச் சொல்வேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும்.

அந்த வருடம் மேட்டூரை வழக்கமான ஜூன் 12-க்கு முன்பே மே 24-ல் திறந்துவிட்டார்கள். புது ஆற்றில் (கல்லணைக் கால்வாயைத்தான் இங்கே அப்படிச் சொல்வோம்) தண்ணீர் வருகிறது என்றதும் வயல் வேலை முன்னுக்கு வந்துவிட்டது, ஜீப் ஒன்றரை மாதம் நின்றது. விவசாயம் வைத்துக்கொண்டு இந்த வேலையில் இறங்குகிறவர்கள் மாசியில் ஆரம்பித்து வைகாசிக்குள் தகட்டு வேலையை முடிக்கப் பாருங்கள். அப்படி நிறுத்த நேர்ந்தால் வெறும் தகட்டை அப்படியே விடாமல் எபாக்சி பிரைமர் ஒரு கோட் அடித்து வையுங்கள். நாங்கள் பக்கத் தகட்டை அப்படியே விட்டோம், திரும்பி வந்தபோது மஞ்சள் பூசிய மாதிரி துரு.

தரைத் தகடு இரண்டும் உளுத்திருந்ததால் வெட்டி மாற்றினோம். இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் ஓட்டுநர் சீட்டுக்கு அடியில். வெல்டிங் வைக்கும் முன் டேங்கைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே, தூரத்தில் வையுங்கள். காலி டேங்க்தான் அதிக ஆபத்து, உள்ளே இருக்கிற ஆவி ஒரு பொறிக்கு வெடிக்கும். பேட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். வெல்டர் தம்பி துரு பிடிக்காது என்று துத்தநாகம் பூசிய தகடு வாங்கி வந்து வெல்டிங் வைத்தார். வெள்ளைப் புகை வந்தது, அன்று இரவு அவருக்குக் குளிர் காய்ச்சல். துத்தநாகப் புகையால் வருவது அது. சாதாரணத் தகடே போதும், இரண்டு பக்கமும் பிரைமர் நன்றாக அடித்தால் நிற்கும்.

பெயின்ட் ஆவணியில், மழைக்கு முன். எபாக்சி பிரைமருக்கு மேலேதான் பட்டி, எங்கேயும் இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் இல்லை. இந்த முறை ஆர்.சி.யில் இருக்கிற பழைய நிறமே அடித்தேன். கரும்பச்சைக்கு முதல் பட்டறையில் மாற்றியபோது நிறத்தை ஆர்.சி.யில் மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பதிவைப் புதுப்பிக்கும் கெடு ஜீப் கொட்டகையில் கிடந்தபோதே முடிந்திருந்தது. 2022 ஏப்ரலில் பதினைந்து வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 600-லிருந்து 5,000 ஆக்கியிருந்தார்கள், தாமதத்துக்கு மாதக் கணக்கில் தனி. வண்டி ஓடாமல் கிடந்தாலும் தாளைக் கிடக்க விடாதீர்கள்.

செலவைச் சொல்லிவிடுகிறேன். பாய் கூலி 37,200, கேஸும் வெல்டிங்கும் 9,300, தகடு 4,800, கண்ணாடி 3,500, பிரைமரும் பெயின்டும் 31,000. மொத்தம் 85,800. முதலில் கொடுத்த 1,35,000 அப்படியே போனது. அதோடு பானட் மணல் வேலைக்கும் மட்கார்டை நெருப்பில் வைத்ததற்கும் பரிகாரமாகவே பதினொரு நாள் கூலி போயிருக்கிறது. ஒன்றும் செய்யாமல் நெளிந்த வண்டியாகவே அதை நேரே பாயிடம் கொண்டுபோயிருந்தால் இருபது நாளில் முடிந்திருக்கும் என்பது அவர் கணக்கு.

இப்போது புது ஆற்றுக் கரையில் கையை லேசாக விட்டாலும் நேராகப் போகிறது. மூன்று மழைக்காலம் தாண்டிவிட்டது, ஒரு கொப்புளம் இல்லை. கவுல் பக்கம் மட்டும் பானட்டின் இடது இடைவெளி வலதைவிட 3 மில்லிமீட்டர் கூட. டிராக்டரில் இழுத்த இடம் அது. கழற்றி இன்னொரு முறை பார்த்துவிடலாம் தம்பி என்று பாய் சொல்லிக்கொண்டிருக்கிறார். தை அறுவடை முடியட்டும் என்றிருக்கிறேன்.